924, கில்மன் தெரு: இளசுகள் நடத்தும் இசைக் கொட்டகை!

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் இருக்கும் பெர்க்லி என்றதும் பலருக்கும் அங்கிருக்கும் புகழ்பெற்ற பல்கலைக்கழகம்தான் ஞாபகத்துக்கு வரும். அதே ஊரின் மேற்கு ஓரத்தில், பட்டறைகளும் கிடங்குகளும் நிறைந்த பகுதியில் இன்னொரு இடம் இருக்கிறது. பிரம்பு நாற்காலிக்குப் பின்னல் போடும் சாமான்கள் விற்கும் கடைக்குப் பக்கத்தில் ஒரு செங்கல் கட்டடம். வாசலில் மின்னும் பெயர்ப் பலகை கிடையாது. உள்ளே சோடாவும் தண்ணீரும் கிடைக்கும். ஒரு சொட்டு பீர் கிடைக்காது.

முகவரிதான் அதன் பெயர்: 924, கில்மன் தெரு. ரசிகர்களுக்குச் சுருக்கமாக ‘கில்மன்’. 1986 டிசம்பர் 31 இரவு, புத்தாண்டு பிறக்கும் நேரத்தில் திறந்த இந்தச் சின்ன அரங்கம் இன்றும் இயங்குகிறது. பங்க், ஸ்கா என்ற இரண்டு துள்ளல் இசைகளை வாசிக்கும் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு இது தாய்வீடு மாதிரி. இங்கே வளர்ந்த ஒரு குழு உலகமெங்கும் ஸ்டேடியங்களை நிரப்பியது. அதே குழுவுக்கு ‘இனி இங்கே இடமில்லை’ என்று கதவைச் சாத்தியதும் இதே கில்மன்தான்!

ஒரு ராத்திரி, ஐந்து குழுக்கள்

வெள்ளி, சனி மாலைகளில் இங்கே கூட்டம் சேரும். வாசலில் மேஜை போட்டு ஒருவர் உட்கார்ந்திருப்பார். உறுப்பினர் அட்டை இருக்கிறதா என்று பார்ப்பார். இல்லையென்றால் அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். ஆண்டுச் சந்தா 2 டாலர் என்பதுதான் பல காலம் இருந்த கணக்கு. அதன்மேல் அன்றைய நுழைவுக் கட்டணம். அதுவும் பல வருடங்கள் 5 டாலர் அளவில்தான் இருந்தது. பெரிய அரங்குகளில் ஒரு டிக்கெட் வாங்கும் காசில் இங்கே மாதம் முழுக்கப் பாட்டு கேட்டுவிடலாம்.

ஓர் இரவுக்கு நாலைந்து குழுக்கள் வாசிக்கும். ஒவ்வொரு குழுவுக்கும் அரை மணி நேரம்தான் கிடைக்கும். முதலில் ஏறுவது பள்ளிக்கூடப் பிள்ளைகளின் குழுவாக இருக்கலாம். கிடாரில் சுருதி சேர்க்கவே மூன்று நிமிடம் ஆகும். டிரம்ஸ் வாசிக்கிற பையன் குச்சியைத் தவறவிடுவான். யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். முன்வரிசையில் கைதட்டுவது அடுத்து வாசிக்கப்போகும் குழு! ஒரு குழுவின் டிரம்ஸை இன்னொரு குழு இரவல் வாங்கிக்கொள்வதும், கிடார் கம்பி அறுந்தால் பார்வையாளர் ஒருவர் தன் கிடாரை நீட்டுவதும் இந்த மாதிரி அரங்குகளில் சர்வசாதாரணம்.

மேடை தரையிலிருந்து கொஞ்சம்தான் உயரம். பாடுபவருக்கும் கேட்பவருக்கும் நடுவே வேலியோ காவலர் வரிசையோ இருக்காது. பாட்டு சூடேறினால் முன்னால் நிற்பவர்கள் ஒருவரை ஒருவர் தோளால் இடித்துக்கொண்டு வட்டமாகச் சுற்றுவார்கள். வெளியிலிருந்து பார்த்தால் அடிதடி போலத் தெரியும். ஆனால் அதற்குள் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. யாராவது விழுந்தால், பக்கத்தில் இருப்பவர்கள் அந்த நொடியே தூக்கிவிட வேண்டும்.

ஒரு குழு முடித்து அடுத்த குழு ஏறும் இடைவெளியில் இன்னொரு காட்சி. மூலையில் சின்ன மேஜைகள் முளைக்கும். கேசட், இசைத்தட்டு, கையால் அச்சடித்த பனியன், ஸ்டிக்கர் எல்லாம் அங்கே கிடைக்கும். விற்பதும் பாடியவரேதான். ஐந்து நிமிடம் முன்பு மேடையில் தொண்டை கிழியக் கத்தியவர், இங்கே சில்லறை தேடிக்கொண்டிருப்பார்.

எல்லாம் முடிந்ததும் தரையைப் பெருக்குவது யார்? வாசலில் டிக்கெட் கொடுத்தவர், ஒலி அமைப்பைப் பார்த்துக்கொண்டவர், கூட்டத்தைக் கவனித்துக்கொண்டவர் என எல்லோருமே தொண்டர்கள். வேலை செய்தால் கச்சேரி இலவசம்!

சுவரில் எழுதிய சட்டம்

கில்மனுக்குள் நுழைந்ததும் கண்ணில் படுவது சுவரில் பெரிய எழுத்தில் எழுதப்பட்ட விதிகள். மது கூடாது. போதைப்பொருள் கூடாது. வன்முறை கூடாது. நிறவெறி கூடாது. பெண்களை இழிவுபடுத்தக் கூடாது. ஒருபாலின ஈர்ப்பாளர்களை இழிவுபடுத்தக் கூடாது.

‘பங்க் என்றாலே கட்டுப்பாடு இல்லாத கூட்டம்தானே, அவர்களுக்கு எதற்கு இவ்வளவு விதி?’ என்று தோன்றலாம். காரணம் இருக்கிறது. 1980-களின் நடுவில் கலிஃபோர்னியாவின் பங்க் கச்சேரிகளில் அடிதடி மலிந்துவிட்டது. நிறவெறி பேசும் மொட்டைத்தலைக் கும்பல்கள் கூட்டத்துக்குள் புகுந்து வம்பிழுத்தன. பாட்டு கேட்க வந்த பிள்ளைகள் அடிவாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். பெண்கள் வருவதே குறைந்தது.

அப்போதுதான் டிம் யோஹானன் என்பவரும் அவருடைய நண்பர்களும் இந்தக் கிடங்கை வாடகைக்கு எடுத்தார்கள். ‘மேக்ஸிமம் ராக் அண்ட் ரோல்’ என்ற பங்க் பத்திரிகையை 1982 முதல் நடத்தியவர் யோஹானன். கட்டடத்தைச் சரிசெய்வது, கழிப்பறை கட்டுவது, நகராட்சி அனுமதி வாங்குவது என ஏகப்பட்ட வேலை. திருட்டுத்தனமாக நடத்திவிட்டு ஓடுகிற இடமாக இது இருக்கக் கூடாது, சட்டப்படி நிலைத்து நிற்கிற இடமாக இருக்க வேண்டும் என்பதில் அவர்கள் கவனமாக இருந்தார்கள்.

1988-ல் ஆரம்பித்தவர்களே கையை விரித்தார்கள். பணமும் உழைப்பும் போதவில்லை; கதவு மூடப்பட்டது. அங்கே தொண்டு செய்துகொண்டிருந்த இளைஞர்கள் சும்மா இருக்கவில்லை. கொஞ்ச நாளிலேயே பொறுப்பைத் தாங்களே எடுத்துக்கொண்டு மறுபடி திறந்தார்கள். அன்றிலிருந்து உறுப்பினர் கூட்டத்தில் கைதூக்கி வாக்களித்துத்தான் முடிவுகள் எடுக்கப்படுகின்றன. அட்டை வைத்திருக்கும் பதினாறு வயதுப் பெண்ணுக்கும் ஒரு வாக்கு உண்டு. முப்பது வருடமாக வருகிறவருக்கும் ஒரே வாக்குதான்.

பீர் விற்காவிட்டால் என்ன ஆகும்?

மது கூடாது என்ற விதி நல்லொழுக்கப் பாடம் போலத் தெரியும். அதற்குப் பின்னால் ஒரு வியாபாரக் கணக்கு இருக்கிறது.

அமெரிக்காவில் 21 வயது ஆகாதவர்களுக்கு மது விற்கக் கூடாது. சின்ன இசை அரங்குகளில் பெரும்பாலானவை பிழைப்பதோ மதுவில்தான். டிக்கெட் காசு குழுக்களுக்கும் ஒலி அமைப்புக்கும் போய்விடும். வாடகை கட்டுவது கவுண்டரில் விற்கும் பீர். அதனால் பல அரங்குகள் 21 வயதுக்குக் குறைந்தவர்களை உள்ளே விடுவதே இல்லை. குடிக்காத வாடிக்கையாளரால் அவர்களுக்கு என்ன லாபம்?

இதனால் விநோதமான நிலைமை உண்டாகிறது. பங்க்கும் ஸ்காவும் பதின்ம வயதுப் பிள்ளைகளின் இசை. வாசிக்கிறவர்களில் பலருக்கு 16, 17 வயது. அவர்களுடைய நண்பர்களுக்கும் அதே வயது. ஆனால் அவர்கள் வாசிக்கக்கூடிய அரங்கத்துக்குள் அந்த நண்பர்கள் போக முடியாது! பாட்டு எழுதுகிற வயதில் மேடை கிடைக்காது. மேடை கிடைக்கிற வயதில் வேலை, குடும்பம் என்று பாதி பேர் கிடாரைப் பரணில் போட்டிருப்பார்கள்.

கில்மன் இந்த முடிச்சை நேராக அவிழ்த்தது. மதுவே விற்காதே, எல்லா வயதினரையும் உள்ளே விடு. வருமானம் குறையும்தான். அதனால் சம்பளத்துக்கு ஆள் வைக்காதே, தொண்டர்களை வைத்து நடத்து. விளம்பரத்துக்குச் செலவு செய்யாதே, நகல் எடுத்த துண்டுத்தாளைக் கம்பத்தில் ஒட்டு. ஒவ்வொரு விதியும் இன்னொரு விதிக்கு முட்டுக்கொடுத்து நிற்கிறது. ஒன்றை உருவினால் மற்றதும் சரியும்.

ஜமைக்காவிலிருந்து வந்த ‘சக்... சக்...’

இந்த அரங்கில் ஒலிக்கும் இரண்டு இசைகளைப் பற்றியும் கொஞ்சம் தெரிந்துகொண்டால் கதை இன்னும் சுவைக்கும்.

பங்க் புரிந்துகொள்ளச் சுலபம். மூன்று சுரக்கட்டு தெரிந்தால் போதும், பாட்டு ரெடி. இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். 1970-களின் நடுவில் நியூயார்க்கிலும் லண்டனிலும் வெடித்த இசை இது. ‘பத்து வருஷம் பயிற்சி எடுத்த பிறகுதான் மேடை ஏற வேண்டுமா, இன்றைக்கே ஏறினால் என்ன?’ என்பதுதான் அதன் கேள்வி.

ஸ்கா அதைவிட மூத்தது. ஜமைக்காவில் 1950-களின் கடைசியில் பிறந்து, 1962 ஆகஸ்ட் 6-ல் அந்தத் தீவு சுதந்திரம் பெற்ற காலத்தில் தெருவெல்லாம் ஒலித்தது. பிறகு பாப் மார்லி உலகத்துக்குக் கொண்டுபோன ரெகேவுக்கு இதுதான் தாய். ஸ்காவை அடையாளம் காண ஒரு வழி உண்டு. தொடையில் தாளம் போட்டுப் பாருங்கள். கை தொடையில் விழும்போது டிரம்ஸ் அடிக்கும். கை மேலே எழும் அந்த இடைவெளியில் கிடார் ‘சக்’ என்று வெட்டும். ‘தும்-சக், தும்-சக்’ என்று அது ஓடும்போது உட்கார்ந்திருக்க முடியாது. முழங்கால் தானாக மடங்கும்.

இந்த இசைக்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. ஜமைக்காவின் கிங்ஸ்டனில் கத்தோலிக்கக் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஆல்ஃபா பள்ளி. ஆதரவற்ற பையன்களும், வழிதவறிப் போனவர்கள் என்று சொல்லப்பட்ட பையன்களும் அங்கே வளர்ந்தார்கள். சிஸ்டர் மேரி இக்னேஷியஸ் என்ற கன்னியாஸ்திரி அந்தப் பையன்களின் கையில் டிரம்பெட்டையும் டிராம்போனையும் கொடுத்து உற்சாகப்படுத்தினார். 1964-ல் உருவாகி ஸ்காவின் முகமாக மாறிய ‘ஸ்கேட்டலைட்ஸ்’ குழுவை ஆரம்பித்தவர்களில் நான்கு பேர் அந்தப் பள்ளியின் பிள்ளைகள்.

வேலை தேடி இங்கிலாந்துக்குப் போன ஜமைக்கா மக்களோடு ஸ்காவும் கப்பலேறியது. 1979-ல் கவென்ட்ரி என்ற தொழில் நகரத்தில் ‘2 டோன்’ என்ற இசைத்தட்டு நிறுவனம் தொடங்கியது. ‘த ஸ்பெஷல்ஸ்’ குழுவில் கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேடையில் நின்று, பங்க்கின் வேகத்தோடு ஸ்காவை வாசித்தார்கள். நிறவெறி அரசியல் தெருவில் ஊர்வலம் போன காலம் அது. கறுப்பு, வெள்ளைக் கட்டங்கள் போட்ட அவர்களுடைய சின்னமே ஒரு பதில்தான். ஸ்கா ரசிகர்கள் இன்றும் கட்டம் போட்ட பட்டையும் காலணியும் அணிவது அதனால்தான்.

அந்த இசைத்தட்டுகள் கடல் தாண்டி கலிஃபோர்னியாவுக்கு வந்தன. பெர்க்லிக்குப் பக்கத்தில் வளர்ந்த நான்கு பையன்களின் காதிலும் விழுந்தன.

1989 மே 28

அந்த நால்வரின் குழுவுக்கு ‘ஆபரேஷன் ஐவி’ என்று பெயர். 1952-ல் பசிபிக் தீவில் அமெரிக்கா நடத்திய அணுகுண்டுச் சோதனைகளின் பெயர் அது. 1987-ல் ஆரம்பித்த குழு. ஜெஸ்ஸி மைக்கேல்ஸ் பாட்டு, டிம் ஆம்ஸ்ட்ராங் கிடார், மேட் ஃப்ரீமன் பேஸ் கிடார், டேவ் மெல்லோ டிரம்ஸ். ஸ்காவின் ‘சக்’கும் பங்க்கின் பாய்ச்சலும் ஒரே பாட்டுக்குள் மாறி மாறி வரும். ஒற்றுமை, சண்டை வேண்டாம் என்பதுதான் பல பாட்டுகளின் சாரம். கில்மன் சுவரில் எழுதியிருந்ததை இவர்கள் பாட்டாகப் பாடினார்கள் என்றே சொல்லலாம்.

இரண்டே வருடத்தில் கூட்டம் பெருகியது. பெயர் பரவியது. வேறு யாராவது இருந்தால் ‘அடுத்தது என்ன?’ என்று மேலே பார்த்திருப்பார்கள். இவர்களோ பிரிந்துவிட முடிவு செய்தார்கள். நண்பர்களுக்காக ஆரம்பித்தது தங்கள் கையை மீறிப் பெரிதாகிக்கொண்டிருந்தது; அது அவர்களுக்குச் சரிப்படவில்லை. 19 பாட்டுகள் கொண்ட ‘எனர்ஜி’ என்ற ஒரே ஆல்பத்தை வெளியிட்டுவிட்டு, 1989 மே 28 அன்று கில்மனில் விடைபெறும் கச்சேரி நடத்தினார்கள். அந்த ஓர் ஆல்பத்தைக் கேட்டுத்தான் அமெரிக்கா முழுக்க நூற்றுக்கணக்கான ஸ்கா பங்க் குழுக்கள் பின்னால் முளைத்தன.

அதே இரவில், அவர்களுக்கு முன்னால் இன்னொரு குழு மேடை ஏறியது. பதினேழு வயது நண்பர்கள் இருவர், பில்லி ஜோ ஆம்ஸ்ட்ராங்கும் மைக் டெர்ன்ட்டும், சேர்ந்து நடத்திய குழு. பில்லி ஜோவின் அப்பா லாரி ஓட்டுநர். பொழுது கிடைத்தால் ஜாஸ் வாசிப்பவர். பையனுக்குப் பத்து வயதாக இருக்கும்போது புற்றுநோயில் இறந்துபோனார். அம்மா ஓட்டலில் பரிமாறும் வேலை பார்த்துப் பிள்ளைகளை வளர்த்தார். இந்தக் குழுவின் முதல் கச்சேரி நடந்ததே அம்மா வேலை பார்த்த ஓட்டலில்தான்.

அதுவரை ‘ஸ்வீட் சில்ட்ரன்’ என்று இருந்த பெயரை அப்போதுதான் மாற்றியிருந்தார்கள். புதுப் பெயர், ‘கிரீன் டே’.

ஒரே மேடை, ஒரே இரவு. ஒரு குழு புகழ் வரும்போது இறங்கிக்கொண்டது. இன்னொன்று ஏறத் தொடங்கியது.

கதவு சாத்தப்பட்டது

கில்மனில் இன்னொரு விதியும் இருந்தது. பெரிய இசைக் கம்பெனிகளோடு ஒப்பந்தம் போட்ட குழுக்களுக்கு இங்கே மேடை கிடையாது. ஏன்? பெரிய பெயர் வந்தால் கூட்டம் தாங்காது, டிக்கெட் விலை ஏறும். அப்புறம் முதல் கச்சேரி வாசிக்க வரும் பள்ளிக்கூடப் பையன்களுக்கு வெள்ளிக்கிழமை இரவு எப்படிக் கிடைக்கும்?

1993-ல் கிரீன் டே ஒரு பெரிய கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டது. 1994 பிப்ரவரியில் ‘டூக்கி’ ஆல்பம் வந்தது. அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. உலகம் கொண்டாடியது; கில்மன் கதவு சாத்தப்பட்டது. வாரந்தோறும் போய்வந்த இடம், நண்பர்கள் எல்லோரும் இருக்கும் இடம். அங்கே இனி அவர்களால் வாசிக்க முடியாது. ‘விலைபோய்விட்டார்கள்’ என்ற வசவு வேறு.

இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. தகப்பனில்லாத வீட்டுப் பையன் தன் பாட்டால் பிழைக்க நினைத்ததில் என்ன தப்பு? சின்னப் பிள்ளைகளுக்கான இடத்தைப் பெரிய வியாபாரம் விழுங்கிவிடக் கூடாது என்று அரங்கம் நினைத்ததில்தான் என்ன தப்பு?

ஆனால் கொள்கை வெறியாக மாறினால் என்ன ஆகும் என்பதையும் கில்மன் பார்த்தது. ‘டெட் கென்னடிஸ்’ குழுவின் முன்னாள் பாடகர் ஜெல்லோ பியாஃப்ரா, பங்க் உலகமே மதித்த ஆள். 1994 மே மாதம் கச்சேரி பார்க்க வந்தவரை, இதே ‘விலைபோனவர்’ வசவோடு அரங்கத்துக்குள்ளேயே சிலர் தாக்கினார்கள். காலில் பலத்த காயம். ‘வன்முறை கூடாது’ என்று எழுதிய சுவர் அப்படியே நின்றுகொண்டிருந்தது. சுவரில் எழுதுவது சுலபம். கூட்டத்தில் ஒவ்வொருவரும் அதைத் தன் வேலையாக எடுத்துக்கொண்டால்தான் விதிக்கு உயிர்.

மூன்றாவதாக ஒரு பாதையும் இருந்தது. ஆபரேஷன் ஐவியின் டிம்மும் மேட்டும் 1991-ல் ‘ரான்சிட்’ என்ற குழுவைத் தொடங்கினார்கள். பெரிய கம்பெனிகள் துரத்தித் துரத்திக் கூப்பிட்டபோதும், சிறிய நிறுவனத்திலேயே இருந்து 1995-ல் ஆல்பம் போட்டார்கள். அதுவும் பத்து லட்சம் பிரதிகளைத் தாண்டியது. அதே வளைகுடாப் பகுதியைச் சேர்ந்த கொரிய வம்சாவளி இளைஞர் மைக் பார்க், ‘ஸ்காங்கின் பிக்கிள்’ என்ற ஸ்கா குழுவில் வாசித்தவர். 1996-ல் ‘ஏஷியன் மேன்’ என்ற இசைத்தட்டு நிறுவனத்தை ஆரம்பித்தார். அலுவலகம் எது தெரியுமா? அப்பா அம்மா வீட்டின் கார் ஷெட்! 1998-ல் நிறவெறிக்கு எதிராக ஸ்கா குழுக்களைத் திரட்டி, அமெரிக்கா முழுக்க ஊர் ஊராகக் கச்சேரி நடத்தவும் செய்தார்.

22 வருடம் கழித்து...

2015 ஏப்ரலில் கிரீன் டே, அமெரிக்க ராக் இசையின் உச்ச கௌரவமான ‘ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம்’ பட்டியலில் சேர்க்கப்பட்டது. அந்த மேடையில் பேசிய பில்லி ஜோ, தன்னை ஒதுக்கி வைத்த கில்மனை மறக்காமல், நன்றியோடு குறிப்பிட்டார்.

அதற்கு ஒரு மாதம் முன்னால், பெர்க்லிக்குப் பக்கத்து ஊரான ஓக்லண்டில் ஒரு தீ விபத்து. இரண்டு உயிர்கள் போயின. சிறு பதிப்பகம் ஒன்றும் அச்சகம் ஒன்றும் பெரும் சேதமடைந்தன. அவர்களுக்கு நிதி திரட்ட 2015 மே 17-ல் கில்மனில் கச்சேரி. பல உள்ளூர்க் குழுக்களோடு சேர்ந்து மேடை ஏறியது கிரீன் டே! ஸ்டேடியத்தில் பல்லாயிரம் பேர் முன் வாசித்தவர்கள், சில நூறு பேர் நெருக்கியடித்து நிற்கும் பழைய கிடங்கில், வியர்வை சொட்டச் சொட்ட வாசித்தார்கள். 1993-க்குப் பிறகு கிரீன் டே என்ற பெயரில் அவர்கள் அங்கே வாசித்தது அப்போதுதான். யாரோ சிலரின் கஷ்டத்துக்காகத் திறந்த கதவு, பழைய மனஸ்தாபத்தையும் கொஞ்சம் கரைத்தது.

சின்ன இடம் இல்லாமல் போனால்?

பங்க் பிறந்த வீடு என்று சொல்லப்படும் நியூயார்க்கின் ‘சிபிஜிபி’ அரங்கம், வாடகைத் தகராறில் 2006 அக்டோபரில் மூடப்பட்டது. இரண்டு வருடத்தில் அந்த இடத்துக்கு விலையுயர்ந்த ஆடைக்கடை வந்துவிட்டது. உலகப் புகழ்கூட வாடகை கட்டாது என்பதற்கு அதுவே உதாரணம்.

இன்னும் கொடுமையானது ஓக்லண்டில் நடந்தது. ‘கோஸ்ட் ஷிப்’ என்று அழைக்கப்பட்ட கிடங்கில் கலைஞர்கள் குடியிருந்தார்கள். முறையான அனுமதியில்லாத அந்த இடத்தில் 2016 டிசம்பர் 2 இரவு இசை நிகழ்ச்சி நடந்தபோது தீப்பற்றியது. வெளியேறப் போதிய வழியில்லை. 36 பேர் இறந்துபோனார்கள், பெரும்பாலானோர் இளைஞர்கள். வாடகை எகிறும் ஊரில், முறையான சின்ன அரங்கங்கள் குறையக் குறைய, பிள்ளைகள் பாட்டை நிறுத்திவிட மாட்டார்கள். ஆபத்தான இடங்களைத் தேடிப் போவார்கள். நகராட்சி அனுமதிக்காக 1986-ல் கில்மன்காரர்கள் அலைந்த அலைச்சலின் அருமை அன்றைக்குப் பலருக்கும் உறைத்திருக்கும்.

2020-ல் கொரோனா வந்தபோது கில்மனும் மூடிக்கிடந்தது. கச்சேரி இல்லை, வருமானம் இல்லை. வாடகை மட்டும் நிற்காது. எங்கெங்கோ இருந்த பழைய உறுப்பினர்களும் ரசிகர்களும் கைகொடுக்க, அதையும் தாண்டி மறுபடி திறந்தது.

வீட்டில் ஒரு கிடார் இருந்தால்...

பிள்ளைகள் இந்த மாதிரி கச்சேரிக்குப் போகிறேன் என்றால் பெற்றோர் பயப்படுவது இயல்பு. கிழிந்த ஜீன்ஸ், நிமிர்த்தி வாரிய பச்சைத் தலைமுடி, காதைக் கிழிக்கும் சத்தம்! தலைமுடியை விடுங்கள், கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. அங்கே மது விற்கிறார்களா? எல்லா வயதினரும் வரலாமா? வெளியேறும் வழிகள் சரியாக இருக்கின்றனவா? யாராவது அத்துமீறினால் யாரிடம் சொல்வது? இந்த நான்குக்கும் தெளிவான பதில் இருந்தால் பாதிப் பயம் போய்விடும்.

இன்னொன்று, காது. 85 டெசிபல் சத்தத்தை ஒரு நாளைக்கு 8 மணி நேரம் கேட்கலாம் என்பது அமெரிக்கப் பணியிடப் பாதுகாப்பு நிபுணர்களின் வரையறை. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும். 100 டெசிபல் என்றால் 15 நிமிடம்தான்! சின்ன அரங்கில் ராக் கச்சேரி இந்த அளவைச் சுலபமாகத் தாண்டும். பஞ்சு போன்ற காது அடைப்பான் சில ரூபாய்தான். அதை மாட்டிக்கொண்டாலும் பாட்டு நன்றாகவே கேட்கும்.

ஆல்ஃபா பள்ளியின் கன்னியாஸ்திரி, மகனின் குழுவுக்கு முதல் மேடையாக அமைந்த ஓட்டலில் பரிமாறிக்கொண்டிருந்த ஒரு தாய், கார் ஷெட்டைக் காலி செய்து கொடுத்த மைக் பார்க்கின் பெற்றோர், சம்பளம் வாங்காமல் கில்மன் வாசலில் உட்காரும் தொண்டர்கள். இவர்களில் யாருடைய பெயரும் ஆல்பத்தின் முன்னட்டையில் வராது. ஆனால் இவர்கள் விட்டுக்கொடுத்த இடத்தில்தான் அத்தனை பாட்டும் முளைத்தது.

கில்மனில் வாசித்த ஆயிரக்கணக்கான குழுக்களில் உலகப் புகழ் பெற்றவை விரல்விட்டு எண்ணக்கூடியவைதான். மற்றவர்கள் ஒன்றிரண்டு வருடம் வாசித்துவிட்டு ஆசிரியர்களாக, நர்ஸ்களாக, மெக்கானிக்குகளாகப் போய்விட்டார்கள். அவர்களுக்கும் அந்த அரை மணி நேரம் முழுதாகக் கிடைத்தது. பெயர் தெரியாத முதல் குழு மேடை ஏறும்போது முன்னால் வந்து நின்று கைதட்ட நாலு பேர் இருந்தார்கள். உங்கள் வீட்டுப் பிள்ளை கிடாரையோ டிரம்ஸையோ அல்லது வேறு எதையோ வைத்துக்கொண்டு மூடிய அறைக்குள் சத்தம் போட்டுக்கொண்டிருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை கதவைத் தட்டுங்கள். சத்தத்தைக் குறைக்கச் சொல்வதற்காக இல்லை, ஒரு பாட்டு முழுதாக வாசிக்கச் சொல்லி உட்கார்ந்து கேட்பதற்காக!